வீட்டிலிருந்தே மென்பொருள் செய்யும் பிள்ளைக்கு வேலை எங்கிருந்து வரும்?



திண்டிவனம் பகுதிக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்ட கேள்வியில் இருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. "எம் பொண்ணு பி.சி.ஏ. முடிச்சிருக்குதுங்க. மெட்ராசுக்குப் போகல, வூட்லயே உக்காந்து கம்ப்யூட்டர்ல வேலை எடுத்துச் செய்யறேன்னு சொல்லுது. லேப்டாப் வாங்கணும், குழுவுல 40 ஆயிரம் கேளுன்னு நிக்குது. குடுக்கலாமா? இதுக்கெல்லாம் யாரு வேலை குடுப்பாங்க?" என்றார் அவர்.

கூட்டத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. கறவை மாட்டுக்கு ஒருவர் கடன் கேட்டால் நமக்குக் கணக்குத் தெரியும். எத்தனை லிட்டர் கறக்கும், சொசைட்டியில் என்ன விலை, தவிடு புண்ணாக்குக்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் கடன் அடையும் என்று நம் குழுத் தலைவி விரல் விட்டே சொல்லிவிடுவார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "மாட்டுக்கு சொசைட்டி இருக்குது. லேப்டாப்புக்கு எந்த சொசைட்டிம்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதுதான் சரியான கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி இரண்டு மாதமாக விழுப்புரம், விக்கிரவாண்டி, மயிலம், திண்டிவனம் பக்கங்களில் இப்படி வேலை செய்யும் சில பிள்ளைகளையும், அவர்களிடம் வேலை வாங்கிய கடைக்காரர்களையும் பார்த்துப் பேசினோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

தையல் மெஷினும் லேப்டாப்பும்

மென்பொருள் என்பது கணினிக்கும் செல்போனுக்கும் "இதை இப்படிச் செய்" என்று எழுதிக்கொடுக்கும் கட்டளை. ரேஷன் கடை மெஷின், பேங்க் ஆப், பஸ் டிக்கெட் மெஷின் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அதுதான். இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். சிலர் எந்தக் கம்பெனியிலும் சேராமல், ஆர்டர் எடுத்துத் தாங்களே செய்து கொடுக்கிறார்கள்.

தையலை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவரும் தையல்காரர்தான், வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவரும் தையல்காரர்தான். கம்பெனிக்குப் போகிறவருக்குத் துணியைத் தேடும் கவலை கிடையாது. திண்ணையில் இருப்பவருக்கோ தைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, துணி வர வேண்டும். அதற்காகத்தான் ஒரு நல்ல ஜாக்கெட்டைத் தைத்து வாசலில் மாட்டி வைக்கிறார், முதல் நாலு பேருக்குக் குறைத்து வாங்குகிறார், கல்யாண வீட்டில் "இது யார் தைச்சது?" என்று ஒருவர் கேட்கும்படி தைக்கிறார். தனியாக மென்பொருள் செய்யும் பிள்ளைகளின் நிலைமையும் இதுவே. நாங்கள் சந்தித்தவர்கள் அத்தனை பேரும் சொன்னது: முதல் வருஷம் வேலை செய்த நேரத்தைவிட வேலை தேடிய நேரமே அதிகம். கல்லூரியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை என்றும் வருத்தப்பட்டார்கள்.

நம் பக்கத்தில் இப்படிப் படித்த பிள்ளைகள் குறைவில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு ஊரிலும் அரசு கலைக் கல்லூரியும் உண்டு. 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் திறந்தார்கள். அங்கே வேலை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் படிக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டடத்தில் இடம் இருக்காது. வீட்டில் வயதானவர்களை விட்டுவிட்டுப் போகமுடியாத பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மயிலம் பக்கத்தில் ஒரு பெண்

பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அம்மா நமது உறுப்பினர். குழுவில் 40,000 ரூபாய் உள்கடன் எடுத்து லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். மாதம் 2,000 அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 20 தவணை. வட்டி மட்டும் மொத்தம் 4,200 ஆகும்.

முதல் நாலு மாதம் ஒரு ரூபாய் வரவில்லை. அம்மா பால் காசிலும் நூறு நாள் வேலைக் கூலியிலும் தவணை கட்டினார். அந்தப் பெண் வெளிநாட்டுக்காரர்கள் வேலை கொடுக்கும் இணையதளங்களில் தன் பெயரைப் பதிந்து ராத்திரி ராத்திரியாக விண்ணப்பம் போட்டது. உலகம் முழுக்க உள்ள பிள்ளைகள் அங்கே போட்டி. முன்னே வேலை செய்த சான்று எதுவும் இல்லாத ஒருவருக்கு யார் கொடுப்பார்கள்? பதிலே வரவில்லை. மூன்றாம் மாதம் மனம் உடைந்து, "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 20,000" என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பி 4,500 ரூபாய் "பதிவுக் கட்டணம்" கட்டி ஏமாந்தது. அதை அம்மாவிடம் சொல்லவே ஒரு மாதம் ஆயிற்று.

வழி திறந்தது அந்த அம்மாவால்தான். அவர் 12 வருஷமாக உரம், விதை வாங்கும் கடை ஒன்று உண்டு. பருவத்துக்குக் கடன் வாங்கி அறுப்பில் கட்டுவது வழக்கம். ஒரு நாள் கடைக்காரர் நோட்டைப் புரட்டிப் புரட்டி, "அக்கா, உங்க பாக்கி எந்தப் பக்கத்துல இருக்குதுன்னே தெரியல, அப்புறம் வாங்க" என்றிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து மகளிடம், "அந்த அண்ணனுக்கு ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார்.

மகள் உடனே போய் "நான் சாஃப்ட்வேர் செய்வேன்" என்று நிற்கவில்லை. இரண்டு சாயங்காலம் கடையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தது. மானிய உரம் விற்க அரசு கொடுத்த பி.ஓ.எஸ். மெஷின் அங்கே இருக்கிறது. மூட்டை போனதை அது சொல்லும், யார் எவ்வளவு பாக்கி என்று சொல்லாது. அதற்காகக் கடைக்காரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணி நேரம் நோட்டைக் கூட்டுகிறார். இதைப் பார்த்துவிட்டு மகள் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, ஊர் வாரியா யார் எவ்ளோ பாக்கின்னு போன்லயே தெரிஞ்சா எப்படி இருக்கும்?"

6,000 ரூபாய் பேசி, 2,000 முன்பணம் வாங்கி, மூன்று வாரத்தில் செய்து கொடுத்தது. சுமார் 70 மணி நேர உழைப்பு, மணிக்கு 85 ரூபாய்தான் வருகிறது. பெரிய லாபம் இல்லை. ஆனால் அடுத்தது என்ன ஆயிற்று என்று பாருங்கள். அதே கடைக்காரர் விக்கிரவாண்டியில் உள்ள இன்னொரு டீலரிடம் தன் போனைக் காட்டினார். அந்தக் கடைக்கு அதே மென்பொருளில் சின்னச் சின்ன மாற்றம் மட்டும் போதும். ஐந்து நாள் வேலை, விலை 8,000. அப்புறம் செஞ்சி, கிளியனூர் என்று போய், இன்றைக்கு 14 மாதம் ஆன நிலையில் ஏழு கடை. நடுவில் ஒரு டீலரின் சொந்தக்காரருக்குப் புதுச்சேரியில் உள்ள தங்கும் விடுதிக்கு இணையதளம் செய்து 15,000.

கூட்டிப் பார்த்தால் 14 மாதத்தில் 69,000. மாதக் கணக்கில் 5,000-க்கும் குறைவு. இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. சென்னைக்குப் போயிருந்தால் முதல் வருஷமே இதைவிட அதிகம் சம்பாதித்திருக்கும். ஆனால் இரண்டாம் வருஷம் முதல் ஒவ்வொரு கடையும் பராமரிப்புக்கு வருஷம் 1,500 தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. அதில் மட்டும் 10,500 உட்கார்ந்த இடத்தில் வரும், புதுக் கடைகள் தனி.

நாங்கள் அந்தப் பெண்ணிடம் கேட்டோம், "ஸ்கூல், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை எல்லாம் இருக்குதே, ஏன் உரக்கடையையே சுத்துறே?" என்று. பதில்: "எல்லாம் செய்வேன்னு சொன்னா யாரும் நம்பறதில்லக்கா. உரக்கடை கணக்கு செய்யற பொண்ணுன்னு சொன்னா, உரக்கடைக்காரங்க அவங்களே கூப்புடறாங்க." இதை எல்லாப் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் அரிசி ஆலை இருக்கிறது, எண்ணெய்ச் செக்கு இருக்கிறது, கல்யாண மண்டபம், ஸ்கேன் சென்டர், டிராவல்ஸ், மரக்காணம் பக்கம் உப்பு வியாபாரம் இருக்கிறது. ஏதாவது ஒரு தொழிலைப் பிடித்து அதன் தலைவலி என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. அந்தத் தொழிலில் நம் வீட்டு ஆட்களே யாராவது வேலை செய்துகொண்டிருப்பார்கள். அங்கேதான் தாய்மார்களாகிய உங்களுக்குப் பங்கு இருக்கிறது. பிள்ளைக்கு கம்ப்யூட்டர் தெரியும், கடைக்காரரை உங்களுக்குத்தான் தெரியும்.

வெளியுலகில் எப்படி ஆரம்பித்தார்கள்

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கதை இல்லை. அமெரிக்காவில் ஜிம் நாஃப் என்று ஒருவர் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தார். தன் ஊர் தேவாலயத்து உறுப்பினர்களுக்குக் கடிதம் அனுப்ப முகவரிச் சீட்டு அச்சடிக்க ஒரு சின்ன மென்பொருளை வீட்டில் எழுதினார். அதைப் பார்த்த நண்பர்கள் கேட்டார்கள், நண்பர்களின் நண்பர்களும் கேட்டார்கள். எல்லோருக்கும் வட்டில் பதிந்து தபாலில் அனுப்பக் கைக்காசு கரைந்தது. 1982-ல் அவர் மென்பொருளுக்கு உள்ளேயே ஒரு குறிப்பு வைத்தார்: தாராளமாக நகல் எடுத்து மற்றவர்களுக்கும் கொடுங்கள், உங்களுக்குப் பயன்பட்டால் செலவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள். யார் அனுப்புவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அனுப்பினார்கள்! ஒரு கணினிப் பத்திரிகை அதைப் பாராட்டி எழுதியதும் வந்து குவிந்த ஆர்டரைச் சமாளிக்க முடியாமல் 1984-ல் ஐ.பி.எம். வேலையையே விட்டார். (நாஃப் என்றால் ஜெர்மன் மொழியில் பொத்தான். அவர் தன் மென்பொருளை விற்றதும் "ஜிம் பட்டன்" என்ற பெயரில்தான்.) 1982-லேயே ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவரும் இதே முறையில் வேறொரு மென்பொருளை வெளியிட்டார். இருவரும் ஒருவர் மென்பொருளில் மற்றவருடையதைச் சொல்லி விளம்பரப்படுத்திக்கொண்டார்கள். போட்டியாளர் என்று முறைத்துக்கொள்ளவில்லை.

கல்லூரிச் சந்தையில் நம் உறுப்பினர்கள் ஊறுகாயை ஒரு குச்சியில் தொட்டு "ருசி பாருங்க" என்று கொடுப்பது இதே முறைதான். தமிழ் எழுத்து விஷயத்திலும் இது நடந்திருக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே கணினியில் தமிழ் எழுத "முரசு" மென்பொருளைத் தொடங்கியவர். தனி ஆட்கள் பயன்படுத்த இலவசப் பதிப்பும் தந்தார். எத்தனையோ பேர் அதில் பழகினார்கள். பிற்பாடு ஆப்பிள் கணினியிலேயே அவர் உருவாக்கிய தமிழ் எழுத்துரு சேர்ந்தது.

சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க் கதையும் கேட்கத் தகுந்தது. திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் அதைத் தொடங்கினார். வாடிக்கையாளர் புகாரைக் கவனிக்கும் ஒரு மென்பொருளின் விலையை வேறொரு கம்பெனி திடீரென்று ஏற்றிவிட்டது. அதனால் வாங்கியவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று படித்ததில் இருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. எங்கே மனக்குறை இருக்கிறதோ அங்கே வாடிக்கையாளர் இருக்கிறார் என்று பார்த்தார். முதல் வாடிக்கையாளர் சென்னைக்காரர் இல்லை, ஆஸ்திரேலியாவில் ஒரு கல்வி நிலையம். அந்தக் கம்பெனி 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியல் ஆயிற்று. நம் பிள்ளைகள் எல்லோரும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. உரக்கடை நோட்டைப் பார்த்து வந்த யோசனையும் அந்த யோசனையும் ஒரே ஜாதி என்று சொல்லத்தான்.

இணையத்தில் வேலை கொடுக்கும் தளங்கள்

அப்வொர்க், ஃபைவர், ஃப்ரீலான்சர் என்ற பெயர்களை உங்கள் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இவை பொய் இல்லை, உண்மையான தளங்கள்தான். வேலை வேண்டுவோரும் வேலை தருவோரும் சந்திக்கும் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை என்றால் சுங்கம் உண்டு. ஃபைவரில் 100 ரூபாய் சம்பாதித்தால் 20 ரூபாய் தளத்துக்குப் போய்விடும். மற்றவையும் ஒரு பங்கு பிடித்துக்கொள்ளும். அப்வொர்க்கில் விண்ணப்பம் போடவே சிறு தொகை செலவாகும். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும். பயப்பட வேண்டாம், மென்பொருள் சேவைக்கு வந்தது என்று பில்லோடு காட்டினால் போதும்.

ஆனால் அங்கே முதல் படியே வழுக்கும். முன்பு வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் அடுத்தவர் வேலை கொடுக்கிறார். நட்சத்திரம் இல்லாதவருக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவருக்கு நட்சத்திரம் இல்லை. ஆகவே உள்ளூரில் நாலு வேலை செய்து, அதைப் படமும் விளக்கமுமாகப் போட்டு, அதன் பிறகு அங்கே நுழைவது நல்லது என்பது எங்கள் கருத்து. விண்ணப்பம் எழுதுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. "மதிப்பிற்குரிய ஐயா, நான் பி.சி.ஏ. படித்துள்ளேன்" என்று ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் நூறும் குப்பைக்குப் போகும். அவர் கேட்டதைப் படித்து, "உங்களுக்கு இந்த இடத்தில் சிக்கல், நான் இப்படிச் செய்வேன், இதேபோல் செய்தது இதோ" என்று ஐந்து பேருக்கு எழுதினால் ஒருவராவது பதில் போடுவார்.

தான் எழுதிய நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைக்க கிட்ஹப் என்ற இடம் இருக்கிறது. தையல்காரர் வாசலில் மாட்டும் ஜாக்கெட் மாதிரி. கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று உண்டு, நாட்டு விதையைக் கைமாற்றிக் கொள்வதுபோல யாரும் எடுத்து, மாற்றி, திருப்பிக் கொடுக்கலாம். அதில் ஒரு பிள்ளை செய்த திருத்தம் அதன் பெயரோடு அங்கேயே நிற்கும், யாரும் மறுக்க முடியாத சான்று. விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு என்று இளைஞர்கள் நடத்தும் அமைப்பு இருக்கிறது. கிராமப்புற மாணவர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். தனியாக அறைக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இப்படிப்பட்ட இடத்தில் கிடைக்கும் சிநேகிதம் பெரிய பலம். பல பேருக்கு முதல் ஆர்டரே, "எனக்கு நேரம் இல்ல, நீ செஞ்சுடறியா?" என்று கேட்ட சக பிள்ளையிடமிருந்துதான் வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏ.ஐ. வந்துவிட்டது, ஒரு சாதாரண இணையதளத்தை அதுவே செய்துவிடுகிறது, இனி இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. வெறும் இணையதளம் செய்து பிழைப்பது கஷ்டமாகிக்கொண்டு வருகிறது. ஆனால் அறுப்பு முடிந்து பணம் கட்டும் விவசாயியின் பாக்கியை எப்படி எழுத வேண்டும், அண்ணன் பெயரில் வாங்கியதைத் தம்பி கட்டினால் எங்கே வரவு வைக்க வேண்டும் என்பதெல்லாம் கடையில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும். மயிலத்துப் பெண்ணும் ஏ.ஐ.-யை வைத்துத்தான் பாதி வேலையை முடிக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் கடைக்காரர் காசு கொடுக்கிறார்.

நாங்கள் செய்த தவறு

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம். சில வருஷங்களுக்கு முன் குழுக்களின் கடன் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற ஒரு இளைஞரிடம் வேலை கொடுத்தோம். "சின்ன வேலைதான் தம்பி" என்று சொல்லி 15,000 பேசினோம். எழுத்தில் எதுவும் இல்லை. அவர் செய்துகொண்டு வந்ததும், வட்டி தனியாக வேண்டும் என்றோம். அப்புறம் வருகைப் பதிவு, அப்புறம் வங்கி அறிக்கை, அப்புறம் தமிழில் வேண்டும் என்றோம். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் "இதையும் சேர்த்துடுங்களேன்" என்பார். இரண்டு மாதத்தில் முடிய வேண்டியது ஐந்து மாதம் இழுத்தது. கடைசியில் அவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். "பாதியில் விட்டுட்டுப் போயிட்டான்" என்று நாங்கள் எல்லோரிடமும் குறை சொன்னோம். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, முதலில் பேசியதற்கு மேல் 11 வேலை கேட்டிருந்தோம். பேசிய பணத்திலும் 5,000 பாக்கி வைத்திருந்தோம். பணத்தை அனுப்பி வைத்தோம், ஆனால் அந்தத் தம்பி திரும்ப வரவில்லை.

ஆகவே வேலை எடுக்கும் பிள்ளை, எவ்வளவு தெரிந்தவரானாலும், ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். என்னென்ன செய்வது, எதைச் செய்வதில்லை, எத்தனை நாள், எவ்வளவு பணம், எப்போது எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், பாதி வேலை காட்டியதும் ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது மீதி. புதிதாக ஒன்று கேட்டால், "செய்யறேன், அதுக்குத் தனியா இவ்ளோ ஆகும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழக வேண்டும். நம் பெண்பிள்ளைகளுக்கு இது ரொம்பவே கஷ்டமாக இருக்கிறது. "மாமா முறை ஆவுது, எப்படிக் கேக்கறது?" என்று விட்டுவிடுகிறார்கள். மாமாவும் உரத்தைச் சும்மா கொடுப்பதில்லையே!

செய்த மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் எழுதப்பட்ட படைப்பாகவே வருகிறது. எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை பொதுவாக எழுதியவரிடமே இருக்கும். மயிலத்துப் பெண் ஒரே மென்பொருளை ஏழு கடைக்குக் கொடுக்க முடிந்தது இதனால்தான். முதல் கடைக்காரர் "எனக்கு மட்டும்தான்" என்று எழுதி வாங்கியிருந்தால் ஏழு கடை கிடையாது.

உத்யம் பதிவு என்று ஒன்று இருக்கிறது. அரசு இணையதளத்தில் ஆதார், பான் வைத்து இலவசமாகச் செய்யலாம். 1,000, 2,000 கேட்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். இந்தப் பதிவுள்ள குறுந்தொழில் செய்பவருக்கு, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. பில்லின் அடியில் இந்தப் பதிவு எண்ணைப் போட்டாலே பல பேர் சீக்கிரம் கொடுத்துவிடுகிறார்கள். சேவைத் தொழிலில் வருஷத்துக்கு 20 லட்சம் வரவு வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவை இல்லை என்பதால் அந்தக் கவலையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பணம் கேட்டால் வேலை இல்லை

உங்கள் வீட்டில் யாருக்காவது "வேலை தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம், டெபாசிட், பயிற்சிக் கட்டணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். சில கும்பல்கள் முதலில் 200, 300 ரூபாய் உண்மையாகவே போடுவார்கள், நம்பிக்கை வந்ததும் 10,000 கேட்பார்கள். வேறு சிலர் வேலையை வாங்கிக்கொண்டு, "தப்பு இருக்குது, ஒப்பந்தப்படி அபராதம் கட்டு, இல்லன்னா வக்கீல் நோட்டீஸ்" என்று மிரட்டுவார்கள். நோட்டீஸைப் பார்த்ததும் பெண்பிள்ளைகள் பயந்து கம்மலை அடகு வைத்துக் கட்டியதாகக் கேள்விப்பட்டோம். ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மயிலத்துப் பெண் ஒரு மாதம் கழித்துச் சொன்னதால் அந்த 4,500 போனது போனதுதான். அம்மா திட்டுவார் என்ற பயத்தில்தான் சொல்லாமல் இருந்தது. அந்த அம்மா எங்களிடம், "நான் திட்டியிருப்பேன்தான். ஆனா காசு வந்திருக்குமே" என்றார்.

குழு என்ன கேட்கலாம்

திண்டிவனத்து அம்மாவின் கேள்விக்கு வருவோம். கடன் கொடுக்கலாமா? மாட்டைப் பார்க்காமல் மாட்டுக்கடன் கொடுக்க மாட்டோம் இல்லையா, அதுபோல் பிள்ளையைக் குழுக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். கல்லூரி கணினியிலோ சிநேகிதர் கணினியிலோ இதுவரை செய்தது ஏதாவது இருந்தால் காட்டட்டும், கணினி தெரியாத நமக்குப் புரியும்படி சொல்லட்டும். நமக்கே புரியவைக்க முடியாத பிள்ளை கடைக்காரருக்கு எப்படிப் புரியவைக்கும்? யாருக்குச் செய்யப்போகிறாய், அவரிடம் பேசினாயா என்று கேளுங்கள். முதல் ஆறு மாதம் வருமானம் இல்லை என்றே வைத்து, அந்தத் தவணையை வீடு எதிலிருந்து கட்டும் என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். 40,000-க்குப் புதிது வாங்காமல் பாதி விலைக்குப் பழைய லேப்டாப் கிடைக்கும், ஆரம்பத்துக்கு அது போதும் என்று இரண்டு பிள்ளைகள் எங்களிடம் சொன்னார்கள்.

அந்தக் குழு சென்ற கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதியது இது: பழைய லேப்டாப்புக்கு 22,000 உள்கடன், முதல் மூன்று மாதம் வட்டி மட்டும், நாலாம் மாதத்திலிருந்து அசல். பெண் முதலில் குழுவில் உள்ள ஒருவரின் தம்பி நடத்தும் எண்ணெய்ச் செக்கில் போய் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அதைச் சேர்க்கச் சொன்னது சொசைட்டி கேட்ட அந்தப் பாட்டிதான்.

மயிலத்துப் பெண்ணுக்கு இன்னும் ஆறு தவணை பாக்கி. கடைசி நாலு தவணையை மகளே நேரில் வந்து கட்டியதாக ஊக்குநர் சொன்னார். அடுத்த மாதம் திண்டிவனம் கூட்டத்துக்கு வந்து தன் போனில் கடைக் கணக்கை எல்லோருக்கும் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறது. வீட்டில் இப்படிப் பிள்ளை இருக்கும் உறுப்பினர்கள் அவர்களையும் கூட்டி வாருங்கள். வருகிறவர்களின் பெயரை இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் குழு ஊக்குநரிடம் கொடுத்துவிட்டால் இடம் பார்க்க எங்களுக்கு வசதியாக இருக்கும்.